பாக்கெட்டின் பின்புறம்: கூந்தல் கழுவும் பொருள்களின் சொல் வரலாறு

தாராவியின் 90 அடிச் சாலையிலும் டோம்பிவிலி ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளிலும் உள்ள சிறு மளிகைக் கடைகளில் ஷாம்பு, கண்டிஷனர் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. மாட்டுங்காவின் தமிழர் கடைகளில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் விற்கப்படுகின்றன. முதல்வகையை ‘கெமிக்கல்’ என்றும் இரண்டாம் வகையை ‘இயற்கை’ என்றும் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். டோம்பிவிலியில் ‘கெமிக்கல்’ என்பது விளம்பரச் சொல் மட்டுமன்று. 2016 மே 26ஆம் நாளும் 2024 மே 23ஆம் நாளும் இங்குள்ள தொழிற்பேட்டையின் வேதித் தொழிற்சாலைகளில் நிகழ்ந்த வெடிப்புகளில் பலர் உயிரிழந்தனர். எனவே அச்சொல்லின் மீது இவ்வூர் மக்களுக்குள்ள அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும், கூந்தலில் தேய்க்கும் பொருளைப் பொறுத்தவரை, ‘கெமிக்கல் – இயற்கை’ என்னும் பாகுபாடு நமக்கு அதிகம் உதவுவதில்லை. பாக்கெட்டின் பின்புறத்தில் உள்ள பெயர்களைச் சொல்லாராய்ச்சி வழியாகப் பிரித்துப் பார்த்தால், அவற்றுள் பல நம் கொல்லையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் புறப்பட்டுச் சென்றவை என்பது தெரியவரும். நாம் இழந்தது இயற்கையை அன்று; பெயரைப் படித்துப் பொருளை அறியும் திறனையே. அந்த இழப்பு எல்லோருக்கும் சமமாகவும் நேரவில்லை. இப்பதிவின் வாதம் இதுவே.

முதலில் ‘ஷாம்பு’ என்னும் சொல். இது ஆங்கிலத்திற்குச் சென்ற இந்தியச் சொல். அழுத்து, பிசை என்னும் பொருள் கொண்ட ‘சாம்ப்னா’ என்ற இந்தி வினையின் ஏவல் வடிவமான ‘சாம்போ’ என்பதிலிருந்து அது பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பதிவுகளில் அதற்கு உடம்பு பிடித்துவிடுதல் என்பதே பொருள், கழுவுதல் அன்று. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கு ‘ஷாம்பு மருத்துவர்’ என நியமனம் பெற்றார். அவர் 1822இல் வெளியிட்ட நூலும் இந்தச் சிகிச்சையைப் பற்றியதே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அச்சொல் தலை கழுவுதலைக் குறிக்கலாயிற்று. பின்னர், கழுவும் செயலிலிருந்து கழுவும் பொருளுக்குப் பெயர் மாறியது. பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் 1903இல் ஷாம்புத் தூளை விற்கத் தொடங்கினார். 1934இல் அமெரிக்காவில் ‘ட்ரீன்’ என்னும் ஷாம்பு வந்தது. அது சோப்பு அடிப்படையில் அல்லாமல் செயற்கைக் கழுவுபொருளால் ஆனது. கைகளின் செயலைக் குறித்த சொல், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு புட்டியின் பெயராக நம்மிடம் திரும்பி வந்தது. கைகளின் செயலைக் குறிக்க மும்பைத் தெருக்களில் ‘சம்பி’ என்னும் சொல் இன்றும் தனியே வாழ்கிறது.

தமிழில் கழுவும் பொருள்களின் பெயர்கள் எப்படி இருந்தன? ‘சவர்க்காரம்’ என்பதைப் பாருங்கள். இலங்கைத் தமிழில் இன்றும் சோப்புக்கு இதுவே பெயர். தமிழகத்தில் ‘சவுக்காரம்’ என முந்தைய தலைமுறையிடம் கேட்கலாம். சவர் என்பது உவர். காரம் என்பது அமிலத்திற்கு எதிரான வேதிப் பண்பு. அதாவது, பொருளின் இயல்பைப் பெயரே சொல்லிவிடுகிறது. சோப்பு காரத்தன்மை கொண்டது. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சேர்ந்து அது கரையாத படிவாகிக் கூந்தலில் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு வைத்திருந்த சவுக்காரத்தைத் தலைக்குப் போடாதே என்று வீடுகளில் சொல்லப்பட்ட அறிவுரைக்கு வேதியியல் அடிப்படை உண்டு.

‘சீயக்காய்’ மற்றோர் எடுத்துக்காட்டு. சிகைக்கு உரிய காய், ஆகவே ‘சிகைக்காய்’ என்று பலர் விளக்குகின்றனர். ஆனால், கன்னடத்தில் அக்கொடியின் பெயரே ‘சீகெ’, தெலுங்கில் ‘சீகாய’. தென்மொழிகள் பலவற்றில் ‘சீ’ எனத் தொடங்கும் வடிவம் பரவியிருப்பதைக் காணும்போது, வடசொல்லான ‘சிகை’யோடு அதை இணைப்பது பிற்காலத்து மக்கள் வழக்கு விளக்கமாக இருக்க இடமுண்டு. பயனைப் பார்த்துப் பெயருக்குப் பொருள் கண்டிருக்கிறார்கள். தாவரவியலாளர் இட்ட ‘அகேசியா கான்சின்னா’ என்னும் பெயரும் இதே திசையில் செல்வது வியப்புக்குரியது. லத்தீனில் ‘கான்சின்னஸ்’ என்றால் ஒழுங்குபட்டது, நேர்த்தியானது என்று பொருள். பூந்திக்கொட்டை மரத்தின் பேரினமாகிய ‘சாபின்டஸ்’, ‘இந்திய சோப்பு’ எனப் பொருள்படும் இரு லத்தீன் சொற்களின் சேர்க்கை. இவற்றில் நுரை தரும் பொருளான ‘சாபோனின்’ என்பதிலும் சோப்பைக் குறிக்கும் அதே லத்தீன் சொல்தான் இருக்கிறது.

இனி, இன்றைய கண்டிஷனர் புட்டி ஒன்றின் பின்புறத்திற்கு வருவோம். அங்கே வழக்கமாகக் காணப்படும் பெயர்கள் சில: செட்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, குவார் ஹைட்ராக்சிப்ரொப்பில்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன், சோடியம் பென்சோயேட். இந்தப் பெயரிடு முறை, அமெரிக்க அழகுசாதனத் தொழில் அமைப்பு 1973இல் வெளியிட்ட அகராதியிலிருந்து வளர்ந்து, இன்று உலக வழக்காகியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

‘செட்டியரில்’ என்பது ‘செட்டில்’, ‘ஸ்டியரில்’ என்னும் இரண்டின் ஒட்டு. திமிங்கிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘செட்டில்’ வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் அதைத் திமிங்கிலத் தலை மெழுகிலிருந்து பிரித்தெடுத்தார். ‘ஸ்டியரில்’ என்பதில் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் உள்ளது. இன்று இவை பெரும்பாலும் பனையெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. பின்னொட்டாகிய ‘ஆல்கஹால்’ கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இது தோலை உலர்த்தும் சாராயம் அன்று. மெழுகு போன்ற திடப்பொருள். ‘ஆல்கஹால்’ என்னும் சொல்லே அரபியில் கண்மையைக் குறித்த ‘அல்-குஹ்ல்’ என்பதிலிருந்து வந்தது. ஓர் அழகுசாதனத்தின் பெயர் வேதியியலுக்குள் நுழைந்து, சுற்றி வந்து, மீண்டும் அழகுசாதனத்திற்குள் அமர்ந்திருக்கிறது.

‘பெஹென்ட்ரைமோனியம்’ என்பதைக் கேட்டால் அச்சமூட்டும் பெயராகத் தோன்றும். அதன் முதற்பகுதியான ‘பெஹென்’, பெஹெனிக் அமிலத்தைக் குறிக்கிறது. அவ்வமிலம் ‘பென் எண்ணெய்’ என ஐரோப்பியர் அழைத்த எண்ணெயிலிருந்து அறியப்பட்டது. அந்த எண்ணெய் எதன் விதையிலிருந்து வருகிறது? முருங்கையிலிருந்து! முருங்கையின் தாவரவியல் பெயராகிய ‘மொரிங்கா’வும் தமிழ், மலையாள வழக்குகளிலிருந்து சென்றதே. ‘ட்ரை’ என்பது மூன்று மெத்தில் தொகுதிகளைச் சுட்டுகிறது. ‘மோனியம்’ என்பது அம்மோனியத்தின் எச்சம். அதன் மூலம் நம் மருந்துக்கடைகளில் நவச்சாரம் எனப்படும் உப்பின் ஐரோப்பியப் பெயரில் இருக்கிறது. ஆக, சொல் வரலாற்றின்படி அது முருங்கையும் நவச்சாரமும் சேர்ந்த பெயர்.

இதன் வேலையும் விளக்கத்தக்கதே. கூந்தலின் மேற்பரப்பு, குறிப்பாகச் சேதமடைந்த பகுதி, நீரில் எதிர்மின் தன்மை கொள்கிறது. ஷாம்புவின் கழுவுபொருள்கள் பலவும் எதிர்மின் தன்மையுடையவை; அவை அழுக்கையும் எண்ணெயையும் பிடித்துக்கொண்டு நீரோடு போய்விடும். கண்டிஷனரில் உள்ள நான்கிணைய அம்மோனியச் சேர்மங்கள் நேர்மின் தன்மையுடையவை. எனவே அவை முடியில் ஒட்டிக்கொண்டு, கழுவிய பின்னும் மெல்லிய படலமாகத் தங்கி, சிக்கலைக் குறைக்கின்றன. இச்சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த பென்சல்கோனியம் குளோரைடின் கிருமி கொல்லும் ஆற்றலை 1935இல் ஜெர்மானியர் கெர்ஹார்ட் டோமாக் வெளியிட்டார். கிருமிநாசினியாக அறிமுகமான குடும்பம் பின்னர் துணியையும் கூந்தலையும் மென்மையாக்கும் பணிக்கு வந்தது.

அடுத்து ‘குவார்’. மும்பைத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்கறிக்காரர் ‘கவார்’ என்று கூவி விற்கும் கொத்தவரங்காய்தான் இது. இதன் விதையில் உள்ள காலக்டோமன்னன் என்னும் பசைப்பொருளுக்கு நேர்மின் தன்மை ஏற்றியதே மேற்கண்ட நீண்ட பெயர்ப் பொருள். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துத் தலையில் பூசும் வழக்கம் நமக்கு உண்டு. வெந்தயத்தின் வழுவழுப்புக்கும் காலக்டோமன்னனே காரணம். செம்பருத்தி இலையின் வழுவழுப்பும், சீயக்காய்த் தூளைக் கரைக்கப் பயன்படுத்திய சோறு வடித்த கஞ்சியும் இதே நோக்கத்தின் வேறு வடிவங்கள். கண்டிஷனர் என்னும் சொல் நமக்குப் புதிது. கழுவிய முடிக்கு ஒரு படலம் தேவை என்னும் அறிவு புதிதன்று.

‘சோடியம் பென்சோயேட்’, ‘பாரபென்’ ஆகிய பதப்படுத்திகளின் பெயர்களில் ‘பென்சோ’ ஒளிந்திருக்கிறது. அரபியில் ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாவின் குங்கிலியம், என்னும் தொடர் ஐரோப்பிய மொழிகளில் தேய்ந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. தமிழில் அப்பிசின் சாம்பிராணி என்னும் பெயருக்குள் அடங்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் காட்டிய பாட்டியும், பாரபென் இல்லாத புட்டியைத் தேடி வாங்கும் பேத்தியும் ஒரே சொற்குடும்பத்தின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சொல்லின் வரலாறு பொருளின் வரலாறு அன்று. பெஹென்ட்ரைமோனியத்தில் முருங்கை எண்ணெய் இருப்பதாகக் கொள்ளக்கூடாது. தொழிற்சாலைகள் அதைப் பெரும்பாலும் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயிலிருந்து பெறுகின்றன. ‘சோடியம் லாரில் சல்பேட்’ என்பதில் லாரல் மரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால், மூலப்பொருள் தேங்காயெண்ணெயோ பனைவிதை எண்ணெயோதான். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலமே. அதேபோல், தேங்காயிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் எல்லோருடைய தோலுக்கும் ஏற்றதாகிவிடாது. மூலம் வேறு, விளைவு வேறு.

பெயர் மறைப்பதற்கும் பயன்படும். முகப்பூச்சுகளில் இன்று பரவலாகப் பேசப்படும் ‘நியாசினமைடு’ இதற்குச் சான்று. நிகோடினிலிருந்து முதலில் பெறப்பட்டதால் அதன் தாய்ச் சேர்மம் நிகோடினிக் அமிலம் எனப்பட்டது. அந்த உயிர்ச்சத்தை உணவில் சேர்க்க முற்பட்டபோது, மக்கள் புகையிலையோடு தொடர்புபடுத்திக் குழம்புவர் என்பதற்காக 1940களில் அமெரிக்காவில் ‘நியாசின்’ என்னும் பெயர் புனையப்பட்டது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் லீவர் 1975இல் அறிமுகப்படுத்திய ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பூச்சின் முக்கியச் செயற்பொருளும் நியாசினமைடே. 2020இல் அப்பூச்சு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. முகப்பில் உள்ள பெயர் சமூக அழுத்தத்தால் மாறும். பின்புறத்தில் உள்ள பெயர்தான் உள்ளே இருப்பதைச் சொல்லும். ஆகவே பின்புறமே ஆய்வாளருக்குரிய ஆவணம்.

அந்த ஆவணம் யாருக்குக் கிடைக்கிறது என்பதே அடுத்த கேள்வி. இங்கே வரலாறு கடலூருக்குச் செல்கிறது. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையை 1970களில் முயன்றவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். வசதி படைத்தோர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம் என்பர். அவர் மறைவுக்குப் பின் மகன்கள் ‘வெல்வெட்’ ஷாம்புவைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டுடன் தனியே பிரிந்து, தந்தையின் பெயரை நினைவூட்டும் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அந்நிறுவனமே 1998இல் ‘கெவின்கேர்’ எனப் பெயர் மாறியது. 50 பைசாவுக்கு ஒரு தலைக்குளியல் என்னும் நிலை அதன்வழி உருவானது. பன்னாட்டு நிறுவனங்களும் பாக்கெட் முறையைப் பின்பற்ற நேர்ந்தது. நுகர்வு வரலாற்றில் இது தமிழகத்தின் பெரும் பங்களிப்பு. புட்டி வாங்க மாதச் சம்பளம் வேண்டும். பாக்கெட் வாங்க அன்றைய கூலி போதும்.

ஆனால், இந்திய அழகுசாதன விதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. உட்பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முதலிலும், அதற்குட்பட்டவை எவ்வரிசையிலேனும் பின்னரும் வரலாம். 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவங்களுக்கும் 30 கிராமுக்குக் குறைவான திட, அரைத்திடப் பொருள்களுக்கும் இப்பட்டியல் கட்டாயமில்லை. ஷாம்பு பாக்கெட்டில் இருப்பது சில மில்லிலிட்டர் மட்டுமே. சில நிறுவனங்கள் தாமாகவே பட்டியலை அச்சிடுகின்றன. விதி அதைக் கோரவில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளோ, கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. ஆகவே, தாராவியில் பாக்கெட் வாங்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இரு தடைகள்: பட்டியல் இல்லாமலே போகலாம், இருந்தாலும் அது அவர் மொழியில் இராது.

இது வெறும் கல்விசார் கவலை அன்று. மெத்தில்ஐசோதையசோலினோன் என்னும் பதப்படுத்தி ஒவ்வாமைக்குப் பெயர் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கழுவாமல் விடும் பூச்சுகளில் அதைத் தடை செய்தது. கழுத்திலும் நெற்றியிலும் தடிப்போடு வரும் ஒருவரிடம் தோல் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, “தலைக்கு என்ன போட்டீர்கள்?” என்பது. அதற்குப் பாக்கெட்டின் நிறத்தைத் தவிர வேறு விடை இல்லாத நிலையை விதியே உண்டாக்குகிறது.

பாக்கெட்டில் இடமில்லை என்று மறுக்கலாம். அதற்கு மறுமொழி அதே விதிகளில் இருக்கிறது. பாராஃபெனிலின்டைஅமின் கொண்ட கூந்தல் சாயங்களுக்குரிய எச்சரிக்கை, ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும், உள்ளுறையிலும் வெளியுறையிலும் அச்சிடப்பட வேண்டும் என்பது அவ்விதி. பத்து ரூபாய்ச் சாயப் பொட்டலத்திற்கும் இது பொருந்தும். ஓர் எச்சரிக்கைக்குத் தாய்மொழியும் இடமும் தேவை என்று சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அக்கொள்கையைப் பட்டியலுக்கும் நீட்டிப்பது புதுமை அன்று.

தமிழ்த் துறைகளுக்கும் இதில் பணி உண்டு. 1933இல் தோன்றிய வேதித் தொழில்நுட்பத் துறையில், மாட்டுங்காவில் உள்ள இன்றைய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில், எண்ணெய்களும் கழுவுபொருள்களும் தனித்துறையாகவே கற்பிக்கப்படுகின்றன. சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன் 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார். தமிழர் இவ்வேதியியலுக்கு அயலார் அல்லர். தமிழ்தான் அதற்கு அயலாக நிறுத்தப்பட்டிருக்கிறது. வேண்டியது ஒவ்வொரு சேர்மத்திற்கும் தூய தமிழ்ப் பெயர் படைப்பதன்று. உலகப் பெயர் தமிழ் எழுத்தில், அருகே ‘கழுவுவது’, ‘முடியில் படிவது’, ‘கெடாமல் காப்பது’, ‘மணமூட்டுவது’ என்னும் வேலைப் பெயர். ‘சவர்க்காரம்’ செய்த வேலையை இது செய்யும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு பயிற்சி: முகப்பில் சீயக்காய்ப் படம் உள்ள புட்டி ஒன்றை எடுத்து, பின்புறப் பட்டியலில் ‘அகேசியா கான்சின்னா’ எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள். மணப்பொருளுக்கும் பதப்படுத்திக்கும் பின்னால் இருந்தால், அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதன்பின் அதே நிறுவனத்தின் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவற்றுக்கு உங்கள் வட்டாரத்தில் வழங்கும் வேறு பெயர்கள் இருந்தால் ஊர்ப்பெயருடன் கீழே பதிவு செய்யுங்கள், தொகுத்து வெளியிடுகிறேன்.